செகண்ட் ஹேண்ட் கார் தண்ணீரில் நின்றதா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

டிசம்பர் மழையில் மூழ்கிய கார் பொங்கல் கழிந்து விற்பனைக்கு வரும்போது பளபளவென்று இருக்கும். பாலிஷ் போட்டிருப்பார்கள், சென்னை ஜி.பி. ரோட்டில் தைத்த புது சீட் கவர் இருக்கும், டேஷ்போர்டில் வாசனை டப்பா இருக்கும். ஆர்.சி. புக்கில் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று எழுதும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. அரசின் எம்பரிவாகன் செயலியிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று கணக்கை முடித்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதே நம்பரோடு சரிசெய்து விற்றால் ஆர்.சி.யைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

துரு, ஈரம், நாற்றம் எதையும் தனியாக வைத்து முடிவு கட்டாதீர்கள். திருவான்மியூரிலும் ஈ.சி.ஆரிலும் கடல் காற்றில் நின்ற வண்டிக்கு அடிப்பக்கம் துரு பிடிப்பது சகஜம். ஏ.சி. தண்ணீர் உள்ளே ஒழுகினாலும் தரை நனையும். நீங்கள் தேட வேண்டியது மட்டம். தேங்கிய தண்ணீர் வண்டிக்குள் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். சீட் ரெயிலில் ஒரு கறை, சீட் பெல்ட்டில் ஒரு கறை, கதவின் உள்தகட்டில் ஒரு கறை, மூன்றும் ஒரே உயரம் என்றால் அதற்கு வேறு விளக்கமே இல்லை. கழுவுகிறவர் கை போகும் இடமெல்லாம் சுத்தமாக இருக்கும். ஆகவே கை போகாத இடத்தைப் பாருங்கள்.

கிளம்புமுன்

எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், சின்னக் கண்ணாடி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வெள்ளை டிஷ்யூ, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர், கிடைத்தால் ஒரு மல்டிமீட்டர். விற்பவரிடம் முந்தைய நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது. கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்தியிருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ராத்திரி டியூப்லைட்டில் காட்டும் வண்டியை மறுநாள் காலையில் பார்க்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

கதவைத் திறந்ததும் வாசனை தூக்கலாக அடிக்கிறது

வாசனைத் திரவியம், கற்பூரம், ஷாம்பு எதுவாக இருந்தாலும் அளவுக்கு மீறினால் அடியில் ஏதோ இருக்கிறது. சென்னையில் தேங்குவது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்ததுதான். அது தரை கார்பெட்டின் அடியில் இருக்கும் பஞ்சில் ஊறினால் மேலே எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் நாற்றம் போகாது.

டப்பாவை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிகளை மூடி, ஏ.சி.யை ரீசர்க்குலேஷனில் போட்டு, புளோயரை முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். முதல் சில விநாடிகளில் மட்டும் லேசான புளித்த வாடை வந்து அடங்கினால் கூலிங் காயில் அழுக்கு. அது சாதாரணப் பராமரிப்பு வேலை. சேற்று வாடை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் குளோவ் பாக்ஸைத் திறங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக் கார்களில் அதன் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் பெட்டி முழுதாகக் கீழே இறங்கும். பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும், அதை உருவுங்கள். ஃபில்டர் புதிது என்பதால் திருப்தி அடைய வேண்டாம். அது உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் டார்ச் அடியுங்கள். புளோயர் மோட்டார் அந்தக் கூட்டுக்குக் கீழே, இடது பக்கக் கால்மாட்டுக்கு மேல் இருக்கும். அதன் விசிறி இதழ்களின் இடுக்கில் காய்ந்த நுண்வண்டல் படிந்திருந்தால் தண்ணீர் டேஷ்போர்டு மட்டத்துக்கு வந்திருக்கிறது. சாலைத் தூசி உலர்ந்து தளர்வாக இருக்கும், ஊதினால் பறக்கும். வண்டல் ஒட்டிப் படர்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

தரை ஈரமாக இருக்கிறது, அல்லது தரை மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது

முதலில் எந்தப் பக்கம் ஈரம் என்று பாருங்கள். நம் ஊர்க் கார்களில் ஏ.சி. பெட்டி பெரும்பாலும் இடது பக்கம் இருப்பதால், அதன் வடிகால் குழாய் அடைத்தால் முன் இடது கால்மாட்டில்தான் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கும், வண்டல் இருக்காது. அதே இடத்தில் ஈரம் பிசுபிசுவென்று இனிப்பான வாடையோடு இருந்தால் கூலன்ட் கசிகிறது. சன்ரூஃப் வடிகால் அடைத்தால் மேற்கூரைத் துணியிலும் பில்லர் ஓரங்களிலும் கறை இறங்கி வரும். இவை எல்லாம் ஒரு மூலையோடு நிற்கும் கோளாறுகள். நாலு கால்மாட்டிலும் ஈரமோ கறையோ இருந்தால் தண்ணீர் கதவு வழியாக வந்தது.

கார்பெட்டைக் கையால் தடவிப் பார்த்தால் போதாது. கதவுப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை கிளிப்பில்தான் நிற்கும்; மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். அதன் அடியில் கார்பெட்டின் ஓரம் தெரியும். அதைத் தூக்கி, பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். டிஷ்யூ பழுப்பாக நனைந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. காய்ந்திருந்தாலும் தகரத்தின் பள்ளங்களில், வயர் கட்டுகள் ஓடும் நெளிக்குழாய்க்குள் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயைக் கீறித் திறந்து யாரும் கழுவுவதில்லை.

கம்பெனியில் போட்ட கார்பெட் தரையின் மேடுபள்ளத்துக்கு அச்சில் வார்த்தது. கடையில் போட்டது சுருளில் வெட்டி ஒட்டியது. மூலைகளில் மடிப்பு விழும், பசை தெரியும். கார்பெட்டுக்கு மேல் வினைல் ஃப்ளோரிங் போடுவது நம் ஊரில் வழக்கம்தான், அதுவே குற்றம் ஆகாது. ஆனால் 25,000 கிலோமீட்டர் ஓடிய, மூன்று வயசு வண்டியில் தரை, சீட் கவர், ரூஃப் துணி மூன்றையும் மாற்ற என்ன அவசியம் வந்தது என்று கேட்க வேண்டும். படியைக் கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சீட் பெல்ட் மெதுவாக உள்ளே போகிறது

ஐந்து பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். உடம்பைச் சுற்றுகிற அளவுக்கு இழுத்தால் போதாது. நூற்பட்டை சுருள் முழுதும் தீர்ந்து தகரம் தட்டும்வரை வர வேண்டும். கழுவுகிறவர் வெளியே தெரியும் ஓரிரு அடியைத்தான் துடைப்பார். உள்ளே சுற்றியிருந்த பகுதியில் நிறம் மாறிய குறுக்குக் கோடோ பூஞ்சைப் புள்ளிகளோ தெரிந்தால், சுருள் உட்கார்ந்திருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் முன் பெல்ட்டின் சுருள் நடு பில்லரின் அடியில், கிட்டத்தட்ட சீட் குஷன் மட்டத்தில் இருக்கிறது. அங்கே கறை என்றால் தண்ணீர் குறைந்தது அதுவரை வந்திருக்கிறது.

பெல்ட்டின் அடிமுனையில் தைத்த லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். அது கார் தயாரான மாதத்துக்குச் சற்று முன்னதாக இருப்பதுதான் முறை. காரைவிட பெல்ட் இளையது என்றால் மாற்றியிருக்கிறார்கள். விபத்தில் மாற்றியிருக்கலாம், வெள்ளத்தில் மாற்றியிருக்கலாம். இரண்டுமே உங்களுக்குத் தெரிந்தாக வேண்டிய சங்கதி.

சீட்டுக்கு அடியில் துரு

முன் சீட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, ரெயிலைத் தரையோடு பிணைக்கும் போல்ட்களைப் பாருங்கள். பிறகு முன்னுக்குத் தள்ளி, பின்பக்க போல்ட்கள். போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால் சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். கார்பெட்டை உலர்த்த வேண்டுமென்றால் சீட்டைக் கழற்றாமல் முடியாது.

குஷனின் அடியில் ஸ்பிரிங் கம்பி, பிரேக் பெடல் தொங்கும் பிராக்கெட், ஸ்டீயரிங் தண்டின் அடிமூட்டு ஆகிய இடங்களில் கடல் காற்றால் வரும் துரு லேசாக, பரவலாக இருக்கும். மூழ்கிய வண்டியில் ஒரு கோட்டுக்குக் கீழே அடர்ந்த செந்துரு, கோட்டுக்கு மேலே பளிச்சென்ற உலோகம். சீட்டின் அடியில் பாதிக்கு மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் ஸ்பிரே அடித்தது போலிருந்தால் அதுவும் பதில்தான்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர்கள் தெரியும். அவை ஏர்பேக், பெல்ட் டென்ஷனர் சம்பந்தப்பட்டவை. கண்ணால் மட்டும் பாருங்கள், பிடுங்காதீர்கள். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பிடுங்கினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும். பின்களின் ஓரத்தில் பச்சைத் தூள் கட்டியிருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது.

விளக்குக்குள் மூட்டம், டிக்கியில் கறை

மழைக்காலத்தில் ஹெட்லைட்டுக்குள் லேசான பனி படிவதும், விளக்கைப் போட்டதும் மறைவதும் இயல்பு. காய்ந்த பிறகும் கண்ணாடிக்குள் கிடைமட்டமாக ஒரு கோடு நின்றால் அந்த உயரம் வரை தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு விளக்கு பழசு, மற்றது புதுசு என்றால் விபத்தை நினையுங்கள். நாலு விளக்கும் புதுசு என்றால் வெள்ளத்தை நினையுங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தின் நடுவில் இருக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். ஜாக்கி செருகும் இடுக்கு, டெயில் லைட்டின் பின்னால் இருக்கும் பொந்து இரண்டிலும் விரலை விட்டுத் தடவுங்கள். மூழ்கிய வண்டியில் அநேகமாக எப்போதும் ஏதாவது அகப்படும் இடங்கள் இவை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. அந்தப் பக்கத்து வண்டியாக இருந்தால் சேற்றுக்குப் பதில் கறுப்புப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் நிறம் இறங்கும்.

ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை, அல்லது சந்தேகமாக அணைகிறது

ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், நடு மேட்டின் மேல், தரையை ஒட்டியே இருக்கிறது. கார்பெட்டுக்கு மேல் அரையடி தண்ணீர் நின்றாலே அதற்கு ஆபத்து. புதுப் பெட்டி விலை அதிகம். அதனால் விளக்கை ஏமாற்றும் வேலை நடக்கிறது.

சாவியை ஆனில் வையுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மீட்டரில் எல்லா விளக்கும் எரியும். ஏர்பேக் விளக்கு சுமார் ஆறேழு விநாடியில் தானாக அணைய வேண்டும்; ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் இன்ஜின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டார்கள். அது ஆயில் விளக்கோடு சேர்ந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆன அதே கணத்தில் அணைந்தால் வயரை அதோடு கோத்துவிட்டார்கள். இந்தச் சோதனையை அவசரமில்லாமல் மூன்று முறை செய்யுங்கள். ஏ.பி.எஸ். விளக்கும் தானாகவே சில விநாடிகளில் அணைய வேண்டும். முழுத் திரை டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் கண்ணை நம்ப முடியாது. ஏர்பேக் பெட்டியோடு பேசக்கூடிய ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவிகளில் பல இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மட்டும்தான் பேசும்.

பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், மீட்டர் ஒவ்வொன்றாகத் தகராறு செய்கின்றன

தண்ணீர் பட்ட வயரிங் அன்றைக்கே சாவதில்லை. இன்சுலேஷனுக்குள் தண்ணீர் செம்புக் கம்பி வழியாக ஏறி, மாதக் கணக்கில் உள்ளிருந்தே அரிக்கும். முனையைச் சீவிப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். வண்டி விற்கும் நாளில் எல்லாம் வேலை செய்யும். அடுத்த மழையில் ஒவ்வொன்றாகப் படுக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்குங்கள்: ஹெட்லைட் ஹைபீம், ஏ.சி. முழு வேகம், வைப்பர், பின் கண்ணாடி டீஃபாகர், நாலு கண்ணாடியும் ஏற்றி இறக்குவது. ஒரு கண்ணாடி மட்டும் சோம்பினால் அந்தக் கதவின் மோட்டார். நாலும் சோம்பி, மீட்டர் விளக்கும் துடித்தால் எர்த் இணைப்பு அரித்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புது மாடல்களில் சற்று ஏறி இறங்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸில் இரண்டு மூன்று ஃபியூஸை உருவி, அவற்றின் உலோகக் கால்களைப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் சரி. பச்சை, வெள்ளைத் தூள் என்றால் தண்ணீர் அங்கே வந்திருக்கிறது. பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் உயரத்தில் இருப்பது. அங்கும் தூள் என்றால் வண்டி பானெட் வரை மூழ்கியது.

இப்போது ஸ்கேனர். ஃபால்ட் கோடுகள் (கோளாறைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்) எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். 'ரெடினஸ் மானிட்டர்' பக்கத்தைத் திறங்கள். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று நின்றால் அண்மையில் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற வரி இருந்தால் அது இன்னும் தெளிவு: நேற்று அழித்த வண்டி 8 கிலோமீட்டர் காட்டும். பழைய கோடுகள் கிடைத்தால் 'யூ' எழுத்தில் தொடங்குபவற்றைக் கவனியுங்கள். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொன்றோடு பேச முடியவில்லை என்பது அதன் அர்த்தம். ஒன்று இருந்தால் பேட்டரி இறங்கியதால் வந்திருக்கலாம், கொத்தாக இருந்தால் வயரிங் நனைந்திருக்கிறது. ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டின் பின்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று விற்பவரே சொன்னால், புது பேட்டரி போட்டுத் தருகிறேன் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். வண்டியைப் பூட்டி முக்கால் மணி நேரம் விட்டபின் பேட்டரியிலிருந்து ஓடும் மின்சாரம் சுமாராக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரித்துப்போன கட்டுப்பாட்டுப் பெட்டி தூங்காமல் விழித்திருந்தால் பல மடங்கு இழுக்கும்.

செல்ஃப் எடுக்கிறது, ஆனால் ஐட்லிங்கில் உதறுகிறது

இதுதான் பர்சைக் காலி செய்யும் அறிகுறி. தேங்கிய தண்ணீரில் ஓட்டினாலோ, மூழ்கிய வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தாலோ ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும். முழுதாக உடைந்தால் அந்த வண்டி விற்பனைக்கே வராது. சில மில்லிமீட்டர் வளைந்தால் இன்ஜின் ஓடும், உதறும், 'டிக் டிக்' என்று தட்டும். சில மாதம் கழித்து அந்த ராட் இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். சாதாரணக் காப்பீடு இதற்குப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்ற தனிச் சேர்க்கை வேண்டும். அது இல்லாதவர்கள்தான் அரைகுறையாகச் சரிசெய்து விற்பது.

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை எடுங்கள். ஃபில்டர் புதிதாக, பெட்டியின் அடிமூலையில் வண்டல் கோடு இருந்தால் கம்ப்ரெஷன் சோதனை (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது) செய்யாமல் பேச்சை நீட்ட வேண்டாம். பெட்ரோல் இன்ஜினில் மெக்கானிக் எல்லா பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து செல்ஃப் அடித்து அளப்பார். அதிகபட்ச சிலிண்டருக்கும் குறைந்தபட்ச சிலிண்டருக்கும் இடைவெளி சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். பெரிதாக ஏறவில்லை, வால்வுக் கசிவும் இல்லை என்றால் ராட் வளைந்திருக்கிறது. சின்ன கேமராவை பிளக் ஓட்டை வழியாக விட்டும் பார்க்கலாம்: மற்ற சிலிண்டர்களில் கரிப்பட்டை சுவரின் உச்சியில் மெல்லியதாக இருக்கும், வளைந்த ராட் உள்ள சிலிண்டரில் அது அகலமாகக் கீழே இறங்கியிருக்கும். பிஸ்டன் முழு உயரம் ஏறவில்லை என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

டீசலில் கம்ப்ரெஷன் அதிகம் என்பதால் ராட் இன்னும் சுலபமாக வளையும். அளக்க வேறு கேஜ் வேண்டும், டீசல் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள்.

ஆயில் நிறம்

இன்ஜின் ஆயில் புதிதாக இருப்பது எதையும் நிரூபிக்காது. விற்குமுன் எல்லோரும் மாற்றுவார்கள். டிப்ஸ்டிக்கில் காபி டிக்காஷனில் பால் விட்ட நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படி ஆகும், இரண்டுமே வேண்டாத வண்டி. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் நுரை படிந்திருந்தால், தினமும் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம்.

எல்லோரும் மறப்பது கியர் ஆயில். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். லிஃப்டில் ஏற்றி லெவல் போல்ட்டைத் திறந்து விரலில் தொட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் சிவப்பு ஆயில் வெளிறிய ரோஜா நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கெடத் தொடங்கியிருக்கும். அந்த கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவில் வண்டியின் பாதி விலை போய்விடும்.

லிஃப்டில் இருக்கும்போதே பின் பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வைக்கோல், இலை, சேறு சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோட்டில் ஓட்டும்போது 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உறுமல் கேட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் சாய்த்தால் அது மாறினால் வீல் பேரிங். ஒரு பேரிங் போவது தேய்மானம். நாலும் ஒன்றாக உறுமினால் கிரீஸ் கழுவிப்போயிருக்கிறது.

காகிதத்தில் பார்க்க வேண்டியது

கடந்த மூன்று நான்கு வருட இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். கிளெய்ம் இல்லாத ஓட்டத்துக்கு என்.சி.பி. என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகும். 35-இல் இருந்தது டிசம்பருக்கு அடுத்து வந்த பாலிசியில் பூஜ்யம் என்றால் அந்த மழையில் என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். கைமாறிய வண்டிக்குப் புது ஓனர் பூஜ்யத்தில் தொடங்குவது இயல்பு, என்.சி.பி. புரொடெக்ட் எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் குறையாது. அதனால் இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் காலாவதியாகி ஏப்ரலில் புதுப்பித்த பாலிசியும் துப்புதான்: அந்த நாலு மாதம் வண்டி எங்கே நின்றது?

அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரியை ஓனரோடு போய்க் கேளுங்கள். கார்பெட், வயரிங் ஹார்னஸ், இ.சி.எம். (இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டி), சீட் பஞ்சு ஆகியவை ஒரே பில்லில் இருந்தால் கதை முடிந்தது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டுக்கும் ஒட்டிய மாதங்களை முதலில் புரட்டுங்கள்.

வண்டி எங்கே நிறுத்தப்பட்டது என்று கேட்கும்போது ஏரியா பெயரோடு நிற்காதீர்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்றதும் ஒதுக்கவும் வேண்டாம். மேட்டில் இருக்கும் தெருக்களும் அங்கே உண்டு. பேஸ்மென்ட் பார்க்கிங்கா, தூண்களுக்கு நடுவே தரைமட்டத்தில் இருக்கும் ஸ்டில்ட்டா என்பதுதான் கேள்வி. ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றாலும் பேஸ்மென்ட் கூரைவரை நிரம்பும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர் என்றால் போட்டோ காட்டச் சொல்லுங்கள், அநேகமாக வைத்திருப்பார். அந்தப் பாலத்தைப் பார்த்துச் சிரித்தவர்களின் வண்டிதான் பிறகு விற்பனைக்கு வருகிறது.

எவ்வளவு உயரத்துக்கு என்ன முடிவு

கதவுப் படியைத் தாண்டாமல், கார்பெட் மட்டும் நனைந்த வண்டி, சர்வீஸ் சென்டர் பில் இருக்கிறது, அதற்குப் பிறகு இன்னொரு மழைக்காலத்தையும் தாண்டி ஓடியிருக்கிறது, விற்பவர் மறைக்கவில்லை. அப்படியென்றால் விலையைக் கணிசமாகக் குறைத்து வாங்கலாம். சீட் குஷன் வரை வந்திருந்தால் வேண்டாம், யார் சரிசெய்திருந்தாலும். டேஷ்போர்டு என்றால் புதுப்பேட்டையில் உதிரிபாகமாகப் போக வேண்டிய வண்டி அது. உப்புத்தண்ணீர் என்றால் படியளவு நனைந்ததும் வேண்டாம். பேட்டரி கார்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால், கம்பெனி சர்வீஸ் சென்டர் எழுத்தில் தரும் இன்சுலேஷன் சோதனை அறிக்கை இல்லாமல் தொடவே கூடாது.

எடுப்பது என்று முடிவானால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்குவதோடு, விற்பனை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுதி வாங்குங்கள்: 'இந்த வண்டி வெள்ளத்திலோ தேங்கிய நீரிலோ கதவுப் படிக்கு மேல் மூழ்கியதில்லை, இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆனதில்லை.' பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடையில் வாங்கினால் கடையின் பெயரிலேயே ரசீதும் இந்த வரியும் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதையும் காட்டச் சொல்லலாம்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்

முதலில் எதையும் கழுவாதீர்கள். வண்டல், கறை, துரு ஆகியவற்றை அளவுகோலோடு போட்டோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கடையில் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம்; கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தனி நபரிடம் வாங்கியிருந்தால் அந்த ஆணையம் உதவாது, சிவில் வழக்குதான். அப்போது அந்த ஒப்பந்த வரிதான் கையில் இருக்கும் சாட்சி.

பிறகு வேலை: சீட்டைக் கழற்றி கார்பெட்டை முழுதாக வெளியே எடுத்து வெயிலில் காயவையுங்கள், பஞ்சைப் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் மாற்றி, இன்ஜின் ஆயிலை மட்டும் 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். பேட்டரியைத் துண்டித்துவிட்டு தரைமட்டத்து கனெக்டர்களைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கனெக்டர்களையும் ஏர்பேக் பெட்டியையும் தெரு மெக்கானிக்கிடம் விடாதீர்கள், அந்த வேலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு.